காலி லாரி குலுங்கும்

கவுன்டரில் இருந்த பையன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “உயரம் எவ்வளவு?”

178 சென்டிமீட்டர் என்றேன். பின்னால் அடுக்கியிருந்த ஸ்னோபோர்டுகளில் ஒன்றை உருவி எனக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்தினான். அதன் நுனி என் முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வந்து நின்றது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். டொரொன்டோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சின்னப் பனிமலை அது. கடையின் பெயர் வேண்டாம். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவனும்தான் என்ன செய்வான்? அன்று எத்தனை தடவை விழுந்தேன் என்பதை இருபதோடு எண்ணாமல் விட்டுவிட்டேன். வலது மணிக்கட்டு வீங்கி, இரண்டு வாரம் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன்.

இந்த விளையாட்டு நமக்குச் சரிப்படாது என்று முடிவு கட்டியிருந்தேன். அடுத்த மாதம் நண்பர் ஒருவர் விடாப்பிடியாக இழுத்துப்போய் ஒரு பாட வகுப்பில் சேர்த்துவிட்டார். சொல்லிக்கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. பனியில் பிறந்து பனியிலேயே வளர்ந்தவர் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் போன தடவை எடுத்த அதே பலகையைத்தான் இந்தத் தடவையும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். “எடை எவ்வளவு?” 61 கிலோ. “பூட்ஸ் சைஸ்?” 25.5. பலகையின் வாலில் நீளம் 159 என்றும் பக்கத்தில் அகலப் பலகைக்கான ‘டபிள்யூ’ எழுத்தும் அச்சாகியிருந்ததைக் காட்டினார். “இது 80 கிலோ ஆளுக்குச் செய்தது. உங்களால் இதை வளைக்கவே முடியாது. வளைக்க முடியாத பலகை எப்படித் திரும்பும்?”

அந்தக் கேள்வி எனக்குப் பனிமலையை விட்டுவிட்டு நாமக்கல்லை நினைவுபடுத்தியது. என் மாமாவிடம் லாரி இருந்தது. சின்ன வயதில் அவரோடு லோடு ஏற்றிப் போனால் கேபினில் படுத்துத் தூங்கலாம். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அதே ரோட்டில் குடல் வாய்க்கு வரும். அச்சுக்கு மேலே அடுக்கியிருக்கும் பட்டை ஸ்பிரிங் பத்து டன்னுக்குச் செய்தது. பத்து டன் ஏறினால் அது வளைந்து கொடுக்கும், குழியை விழுங்கும். காலியாக இருந்தால் அது ஸ்பிரிங்கே இல்லை, வெறும் இரும்புக் கட்டை. நான் அந்த சனிக்கிழமை ஏறி நின்றதும் காலி லாரியில்தான்.

ஸ்னோபோர்டைப் பலகை என்று சொல்வது பழக்கத்துக்காக. உண்மையில் அது ஓர் அடுக்கு ஸ்பிரிங். நடுவில் பாப்லர் போன்ற எடை குறைந்த மரத்தில் மெல்லிய உட்கரு. அதன் மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணி, பிசினில் தோய்த்து ஒட்டியது. அடியில் வழுக்குவதற்கு பாலிஎத்திலீன் தகடு, சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இரும்பு விளிம்பு. இந்த விளிம்பைத்தான் எல்லோரும் எட்ஜ் என்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் நடுப்பகுதியில் கனம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். நுனிகளில் அதைவிட மெலிது. எடை மூன்று கிலோவுக்கு முன்பின்.

கனத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்து மேசை ஓரத்தில் பாதி வெளியே நீட்டிப் பிடித்து நுனியை அழுத்துங்கள். படுக்கவைத்தால் சிரமமில்லாமல் வளையும். அதையே விளிம்பில் நிறுத்திவைத்து அழுத்துங்கள், அசையாது. அதே பிளாஸ்டிக், அதே எடை. மூன்று மில்லிமீட்டர் கனமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள அடிக்கோல் நிமிர்ந்து நிற்கையில் நூறு மடங்கு விறைப்பு. வளையும் திசையில் இருக்கும் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப விறைப்பு கூடுகிறது என்பதுதான் காரணம். ஏழு மில்லிமீட்டர் பலகையை எட்டு மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் காலுக்குத் தெரிவது இதனால்தான்.

மர உட்கருவின் முக்கியமான வேலை இரண்டு கண்ணாடி இழைத் தாள்களைப் பிரித்து வைப்பது. திருப்பத்தில் பலகையின் இரு நுனிகளும் மேலே வளையும்போது அடித்தாள் இழுபடுகிறது, மேல்தாள் நசுங்குகிறது. நடுவில் இருப்பதற்கு இழுப்பும் இல்லை, நசுக்கமும் இல்லை. ரயில் தண்டவாளத்தில் இரும்பையெல்லாம் தலையிலும் அடியிலும் குவித்து நடுவை மெலிதாக விட்டிருப்பதும் இதே கணக்கில்தான்.

பலகை ஏன் வளைய வேண்டும்? அதற்கு எட்ஜின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஸ்னோபோர்டுக்கு இடுப்பு உண்டு. இரு நுனிகளும் அகலம், நடு ஒடுக்கம். அந்த ஒடுக்கத்தின் கோடு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. பெரியவர்கள் பலகையில் அந்த வட்டத்தின் ஆரம் ஏழெட்டு மீட்டர் இருக்கும். ஆரம் 7.5 மீட்டர், பனியில் பதியும் விளிம்பின் நீளம் 115 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடுவில் உள்வாங்கும் ஆழம் வெறும் இரண்டே கால் சென்டிமீட்டர். மொத்த விளையாட்டும் அந்த இரண்டே கால் சென்டிமீட்டரில் அடக்கம்.

இதை மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு விசிட்டிங் கார்டு எடுங்கள். அதன் நீளப் பக்கம் ஒன்றில் கத்தரிக்கோலால் மெல்லிய பிறை ஒன்றை வெட்டி எறியுங்கள். இப்போது வெட்டிய பக்கத்தை மேசையில் ஊன்றி, கார்டைச் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு முனைகள் மட்டும் மேசையில் படும், நடுவில் இடைவெளி இருக்கும். விரலால் நடுவை அழுத்துங்கள். கார்டு வளைந்து, விளிம்பு முழுதும் மேசையைத் தொடும்போது அது மேசையில் ஒரு வில் வரையும். எவ்வளவு அதிகம் சாய்க்கிறீர்களோ அவ்வளவு இறுக்கமான வில். பலகை பனியில் இப்படித்தான் திரும்புகிறது. ஏழரை மீட்டர் ஆரமுள்ள பலகையை 60 டிகிரி சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் அதில் பாதி. ஸ்டியரிங் எதுவும் இல்லை. சாய்த்து, வளைத்தால் போதும்.

இதே சோதனையை கிரெடிட் கார்டில் செய்து பாருங்கள் (காலாவதியான கார்டில்!). விரல் நோகும் அளவுக்கு அழுத்தினாலும் நடு கீழே வராது. இரண்டு முனைகளில் மட்டும் நின்றுகொண்டு கார்டு வழுக்கும். விறைத்த பலகையில் நிற்கும் எடை குறைந்த ஆளின் நிலை அது. அழுத்தும் விரல் அவருடைய எடை. ஆகவே, பலகையிடம் ஒருவர் முதலில் சொல்ல வேண்டியது தன் எடையை. உயரம் பலகைக்குத் தெரியவே தெரியாது.

பின் ஏன் கடைகளில் இன்னும் முகவாயையும் மூக்கையும் வைத்து அளக்கிறார்கள்? பனிச்சறுக்குக் கட்டைகளை உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுத்த பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் என்பது என் ஊகம். உயரம் எடைக்கு ஒரு குத்துமதிப்பு. சராசரி உடம்புக்காரர்களுக்கு அது ஓரளவு பொருந்திப்போகும். என்னைப் போன்ற கொத்தவரங்காய் உடம்புக்கும், குட்டையாக, தடிமனாக இருப்பவர்களுக்கும்தான் காலை வாரிவிடும். உயரத்துக்குச் சின்ன வேலை ஒன்று உண்டு: இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வைத்து நிற்பது என்பதை அது தீர்மானிக்கும். அதைப் பலகையில் இருக்கும் திருகுத் துளைகளை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலி யாருக்கும் இருக்கவில்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மஸ்கீகன் என்ற ஊரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவர் மனைவி அதற்கு ஸ்னர்ஃபர் என்று பெயர் வைத்தார். பனியையும் அலைச்சறுக்கையும் குழைத்த பெயர். அதற்கு எட்ஜ் கிடையாது, காலைப் பூட்டும் பைண்டிங் கிடையாது. பலகையின் மூக்கில், அதாவது முன்நுனியில், கட்டிய ஒரு கயிறு, அவ்வளவுதான். விழாமல் இறங்கினால் வெற்றி. சிறுவயதில் அதில் விளையாடிப் பழகிய ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977-இல் வெர்மான்ட்டில் பலகை செய்யத் தொடங்கினார். இரும்பு விளிம்பு, இடுப்பு, கண்ணாடி இழை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு இடம்பிடித்தபோது, ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு பலகை என்ற நிலை வந்துவிட்டிருந்தது.

இங்கே கணக்குப் போடத் தெரிந்த வாசகர் கையை உயர்த்துவார். நீளமான கம்புதானே எளிதில் வளையும்? அப்படியானால் நீளப் பலகைதானே எடை குறைந்தவருக்கு நல்லது? கேள்வி சரிதான். கனம் மாறாமல் நீளம் மட்டும் கூடினால் பலகை தளரும், அதுவும் மும்மடிக் கணக்கில். ஆனால் பலகை செய்பவர்கள் கனத்தை மாறாமல் விடுவதில்லை. 159 வாங்குபவர் 148 வாங்குபவரைவிட எடை கூடியவர் என்று எடுத்துக்கொண்டு உட்கருவைத் தடிமனாக்குகிறார்கள், இழையையும் அதற்கேற்பப் போடுகிறார்கள். எனவே ஒரே மாடலில் சைஸ் என்பது நீளத்தின் பெயர் மட்டும் இல்லை. எத்தனை கிலோ லோடு தாங்கச் செய்தது என்பதன் மறைமுகக் குறிப்பும் அதுதான். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் ஒவ்வொரு நீளத்துக்கும் நேராக எடை வரம்பு போட்டிருக்கும். புதிதாகக் கற்பவர் தன் எடை இரண்டு சைஸுகளுக்குள்ளும் வந்தால் சின்னதை எடுப்பது நல்லது.

சின்னதை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கற்கும் நாட்களில் நாம் பலகையை அதிகமும் சுழற்றித்தான் திருப்புகிறோம். அந்த அழகான வில்லெல்லாம் பிறகுதான். தட்டையான பலகையைச் சுழற்ற ஆகும் முயற்சி, அகலமும் கனமும் அதேபோல இருந்தால், நீளத்தின் மும்மடியாக ஏறும். 150-க்கும் 159-க்கும் வித்தியாசம் ஒன்பது சென்டிமீட்டர்தான், ஆனால் சுழற்றுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கடினம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த வட்டியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீளம் கூடினால் பாதுகாப்பு என்பவர்கள் தளர்பனியை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ போன்ற இடங்களில் இடுப்பளவு பஞ்சுப்பனி விழும். அங்கே மூழ்காமல் மிதக்கப் பரப்பு வேண்டும். 60 கிலோ ஆள் பலகையில் நிற்கும்போது எடை கிட்டத்தட்ட 0.3 சதுர மீட்டரில் பரவுகிறது. அழுத்தம் காற்றழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. பூட்ஸோடு நின்றால் இதைப்போல் ஏழெட்டு மடங்கு, முழங்கால் வரை புதையும். (பனி வழுக்குவது அழுத்தத்தில் உருகுவதால் என்று பள்ளியில் படித்தவர்கள் இந்த ஐம்பதில் ஒன்றைக் கவனிக்கலாம். இவ்வளவு குறைந்த அழுத்தம் பனியின் உருகுநிலையை டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இறக்காது. உராய்வின் சூடுதான் முக்கியம் என்று பவுடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் 1939-லேயே காட்டிவிட்டார்கள்.) ஆனால் முதல் வருடம் நாம் நிற்கப்போவது இயந்திரம் உழுது சமமாக்கிய சரிவில். கிழக்குக் கனடாவில் அது பல நாள் உருகி ஓர் இரவில் உறைந்த கெட்டித் தளம். அங்கே மிதக்க ஒன்றும் இல்லை. எட்ஜ் கடித்தால் நிற்போம், கடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருப்போம்.

அகலத்தின் கதை இன்னும் சுவாரசியம். ஸ்னோபோர்டில் பக்கவாட்டாக நிற்கிறோம், கால் பலகைக்கு ஏறத்தாழக் குறுக்கே. விரல் பக்கம் ஒரு எட்ஜ், குதிகால் பக்கம் ஒரு எட்ஜ். சாய்ப்பது என்றால் எடையை விரலுக்கோ குதிகாலுக்கோ கொண்டுபோவது. கால் அந்த விளிம்பை எட்ட வேண்டும். காலின் நீளமும் பைண்டிங் இருக்கும் இடத்தில் பலகையின் அகலமும் ஏறத்தாழ ஒத்துப்போனால் கணுக்காலின் சின்ன அசைவே போதும். என் 25.5 சென்டிமீட்டர் காலுக்கு அந்த அகலப் பலகை பெரிய கட்டில். விளிம்புக்கு உள்ளேயே விரல் முடிந்துவிட்டது. நான் உடம்பு முழுவதையும் முன்னால் தள்ளித்தான் அதைச் சாய்க்க வேண்டியிருந்தது, தள்ளினால் விழுந்தேன்.

பெரிய கால்காரர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. பூட்ஸ் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பூட்ஸின் அடி பனியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெளியே நீட்டுவதும் மூன்று சென்டிமீட்டர் என்றால், 45 டிகிரி சாய்ந்ததும் பூட்ஸ் பனியில் உரசும். உரசினால் எட்ஜ் தூக்கிக்கொள்ளும், ஆள் கீழே. நீட்டுவது ஒன்றரை சென்டிமீட்டராக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டியும் சாயலாம். முதல் வருடத்தில் யாரும் அவ்வளவு சாய்வதில்லை என்பதால் ஓரளவு நீட்டிக்கொண்டிருப்பது குற்றமில்லை. பெண்கள் பலகை, ஆண்கள் பலகை என்று கடையில் பிரித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் இந்த அகலமும் எடையும்தான். என் கால் அளவுக்கு அந்த அம்மா எடுத்துத் தந்தது பெண்கள் வரிசையில் இருந்த பலகை. நான் அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

விறைப்புக்கு வருவோம். விளம்பரங்களில் ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒன்று நொய்ந்தது, பத்து இரும்பு. ஒரு கம்பெனியின் நாலும் இன்னொரு கம்பெனியின் நாலும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய் விலையை ஒப்பிடுவதுபோல் கடைக்குக் கடை ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனியின் பலகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் உதவும். மூன்று, நாலு என்ற அளவில் தொடங்கலாம். ஆனால் அந்த எண் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. என் கணக்கில் கற்றுக்கொள்பவருக்கு அதுதான் மிக முக்கியம்.

பலகைக்கு இரண்டு விறைப்பு உண்டு. ஒன்று மூக்கிலிருந்து வால்வரை வளைவதற்கு எதிரானது. இதுவரை பேசியது அது. மற்றது முறுக்கத்துக்கு எதிரானது, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் பலகை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது. முதல் நாள் பாடத்தில் உதிரும் இலைபோல் குறுக்கே இறங்கக் கற்றுத்தருவார்கள்: ஒரே எட்ஜில் நின்றபடி வலமும் இடமுமாக ஊசலாடி இறங்குவது. அதிலிருந்து முதல் திருப்பத்துக்குப் போவதுதான் எல்லோரும் விழும் இடம். முழுப் பலகையையும் ஒரே வீச்சில் ஒரு எட்ஜிலிருந்து மற்ற எட்ஜுக்குப் புரட்டப் பார்ப்போம். அந்த அம்மா வேறு மாதிரி சொன்னார். “முன்கால் மட்டும் மாறட்டும். பின்கால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிறகு அது தானாக வரும்.”

தையல் மெஷினின் மிதியில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு ஒரு காலில் விரலையும் மற்றதில் குதிகாலையும் அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தையல் மிதி இரும்பு, முறுக்காது. பலகை முறுக்கும். முன்கால் விரலை அழுத்தும்போது மூக்குப் பக்கம் விரல் எட்ஜுக்குச் சரிகிறது, வால் பக்கம் இன்னும் குதிகால் எட்ஜைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மூக்கு சரிவை நோக்கித் தானே இறங்குகிறது. ஒரு கணம் கழித்துப் பின்கால் தொடர்கிறது. திருப்பம் முடிந்தது. சுழற்றவும் இல்லை, குதிக்கவும் இல்லை. முறுக்கு நொய்வாக உள்ள பலகையில் கணுக்கால் அசைந்தாலே இது நடக்கும். முறுக்காத பலகையில் இதே அசைவுக்கு முழங்காலும் இடுப்பும் தோளும் கூலிக்கு வரும்.

முறுக்கு விறைப்பை எதை வைத்துக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்பது நம்மூர்த் தையல்காரருக்குச் சொன்னால் உடனே புரியும். ஒரு துண்டை நூல் ஓடும் திசையில் இழுங்கள், கொடுக்காது. மூலைக்கு மூலை இழுங்கள், நீளும். கிராஸ் கட்டிங் ஜாக்கெட் உடம்போடு பொருந்தி நிற்பது இதனால்தான். கண்ணாடி இழைத் துணியும் அப்படியே. இழைகள் நெடுக்கும் குறுக்குமாக மட்டும் ஓடினால், முறுக்கும்போது பலகை மூலைவாட்டில் இடம் கொடுக்கும். குறுக்கு இழைகளுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் இழைகளைப் போட்டால் அந்த வழியும் அடைபடும். பலகை முறுக்க மறுக்கும். முதல் வகைக்கு பயாக்ஸ், இரண்டாவதற்கு டிரையாக்ஸ் என்று பலகையின் விவரக் குறிப்பில் போட்டிருக்கும். வேகமாக இறங்குகிறவருக்கு டிரையாக்ஸ் உயிர்நாடி, ஏனென்றால் கெட்டிப்பனியில் நுனி முறுக்கிக்கொண்டால் எட்ஜ் விட்டுவிடும். கற்பவருக்கு பயாக்ஸ்.

அதற்காக எவ்வளவு நொய்வானாலும் நல்லது என்று கிளம்பிவிடக் கூடாது. 95 கிலோ நண்பர் ஒருவர் இணையத்தில் படித்துவிட்டு இருப்பதிலேயே நொய்ந்த பலகையை வாங்கினார். கொஞ்சம் வேகம் எடுத்தாலும் அது அவர் காலடியில் ஈரமான அட்டைப்பெட்டிபோல் மடிந்து நடுங்கியது. மோட்டார் சைக்கிளுக்குச் செய்த ஸ்பிரிங்கில் லாரியை நிறுத்திய கதை.

பலகையைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வளைவைப் பற்றிச் சுருக்கமாக. தரையில் வைத்தால் நடு சற்றுத் தூக்கியிருப்பது கேம்பர். ஆள் ஏறினதும் அது தட்டையாகி, எடையை நுனிவரை அனுப்பும், எட்ஜ் முழு நீளத்துக்கும் கடிக்கும். இதற்கு நேர்மாறாக, நடு தரையில் பட்டு நுனிகள் மேலே தூக்கியிருந்தால் ராக்கர். தொட்டில் காலைப் போன்றது. சுழற்றச் சுகம், கெட்டிப்பனியில் பிடி குறைவு. இரண்டையும் கலந்தவை ஏராளம்.

கற்பவருக்கு ராக்கர் என்று சொல்வதற்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட விழுகை. பலகை குறுக்காக வழுக்கும்போது பள்ளத்துப் பக்க எட்ஜ் கவனக்குறைவாகப் பனியில் இறங்கிவிட்டால் பலகை அங்கேயே நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். உடம்பு அந்த எட்ஜைக் கீலாகக் கொண்டு வெட்டிய மரம்போல் சாயும். அப்படி விறைப்பாக ஓர் ஆள் அசையாமல் நின்ற இடத்திலிருந்து சாய்ந்தாலே தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஓட்டத்தின் வேகம் தனி. கையை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் தலை. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் கவசமும் இல்லாமல் முதல் நாள் இறங்கியது என்னுடைய சொந்த முட்டாள்தனம், அதில் கடைக்காரப் பையனுக்குப் பங்கில்லை. நுனிகள் தூக்கியிருந்தால் எட்ஜ் மாட்டும் வாய்ப்பு குறைகிறது, ஆகவே ராக்கர். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்ணாடிப் பனியில் முழு ராக்கர் பலகை சோப்புக்கட்டிபோல் ஓடும். நடுவில் தட்டையோ மெல்லிய கேம்பரோ இருந்து, இரண்டு நுனிகள் மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கும் கலப்பு வகைதான் இங்கே நல்லது என்பது என் தரப்பு. ஹொக்கைடோக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் முதலில் பூட்ஸ் வாங்குங்கள், பலகையை வாடகைக்கு எடுங்கள். பூட்ஸுக்குள் குதிகால் ஒரு சென்டிமீட்டர் தூக்கினால், காலின் சொல் பலகைக்குப் போய்ச் சேருவதற்குள் திருப்பம் முடிந்திருக்கும். அதையும் நொய்வானதாக எடுங்கள். அடித்தகடு உருக்கி வார்த்ததா, தூளை அழுத்திச் செய்ததா என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு.

இந்த வருடம் ஒன்பது வயது மகளுக்குப் பலகை பார்க்கப் போனோம். அங்கேயும் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வந்தது. “வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க” என்று என் மனைவி சொன்னாள். ஸ்கூல் யூனிஃபார்மில் எங்கள் தலைமுறை முழுக்க அப்படித்தான் வளர்ந்தது. கை மடித்துத் தைத்த சட்டையால் யாரும் விழுந்ததில்லை. பலகை அப்படி இல்லை. குழந்தைகளுக்குக் கணக்கு இன்னும் கடுமையானது. கலிலியோ 1638-இல் வெளிவந்த ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் யோசித்த சங்கதிதான்: எல்லா அளவையும் பாதியாக்கினால் எல்லாமே பாதியாவதில்லை. 80 கிலோ அப்பாவின் பலகையை நீளம், அகலம், கனம் எல்லாவற்றிலும் சரிபாதியாகச் சுருக்கி, அதேபோல் எல்லா அளவிலும் பாதியான ஒரு பிள்ளையை அதில் நிறுத்தினால், பிள்ளையின் எடை பாதியாக இருக்காது, எட்டில் ஒரு பங்காக இருக்கும், பத்துக் கிலோ. பலகையின் நீளத்தோடு ஒப்பிட்டால் வளைவு அப்பாவுக்கு வளைந்ததில் பாதிதான் தேறும். அதாவது அச்சு அசலாகச் சுருக்கிய பலகைகூடப் பிள்ளைக்கு இரட்டிப்பு விறைப்பு. குழந்தைகள் பலகையை அளவில் சுருக்கினால் போதாது, அதற்கும் மேலே மெலிதாக்க வேண்டும். அண்ணன் போட்டுக் கழித்ததையோ, ரெண்டு சைஸ் பெரியதையோ கொடுத்தால் அந்தப் பிள்ளை காலி லாரியில் ஏறுகிறது. பயந்து அழுதால் அது பனியின் குற்றமில்லை.

இதையெல்லாம் கடையிலேயே நின்று விளக்கினேன். மனைவி ஒரு பலகையை எடுத்து வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பெரியதில் அசைவே இல்லை. சின்னதில் அழுத்தியதும் வளைந்து கையைத் திருப்பித் தள்ளியது. பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. 27 கிலோவுக்கு 115 என்று நானும் அவளும் ஒத்துக்கொண்டோம். மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியது பூனைப் படம் போட்ட பலகை. அது 130-இலிருந்துதான் ஆரம்பிக்கிறதாம். பூனை ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.